டீசல் புகையும் ஆய்வக எலிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீசல் புகை பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கட்சி சேர்ந்துவிடுகிறது. "எலிக்கே புற்றுநோய் வந்துவிட்டது, நமக்கு வராதா?" என்பது ஒன்று. "அது எலிக்கு மட்டும்தான், விட்டுத்தள்ளுங்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி உண்மை. எந்த விலங்கு, எந்த எஞ்சின், காற்றில் எவ்வளவு துகள், எத்தனை மணி நேரம் என்ற நான்கையும் கேட்காமல் எந்த ஆய்வையும் நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். துகள் அளவுகள் எல்லாம் ஒரு கன மீட்டர் காற்றுக்கான கணக்கு. "எலி" என்றால் பெரிய ஆய்வக எலி. சிறியதைச் "சுண்டெலி" என்றே எழுதியிருக்கிறோம்.

டீசல் புகைன்னா வெறும் கரிதானே? அதுல அப்படி என்ன இருக்கு?

கண்ணுக்குத் தெரிவது கரி. தெரியாதது அதைவிட அதிகம். வாயுப் பகுதியில் கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், கந்தக டைஆக்சைடு, பென்சீன், கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் எல்லாம் உண்டு. துகள் பகுதி சில பத்து நானோமீட்டர் அளவுள்ள கரியுருண்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டியது. கொத்து பெரும்பாலும் 100 நானோமீட்டரை ஒட்டி இருக்கும். மூக்கும் தொண்டையும் வடிகட்ட முடியாத அளவு அது. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போகும். அந்தக் கரியின் மேல் எரியாத எரிபொருளும் மசகு எண்ணெயும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் படிந்திருக்கும். பல்வளைய ஹைட்ரோகார்பனோடு நைட்ரோ தொகுதி சேர்ந்த பொருள்களும் அதில் உண்டு. 1-நைட்ரோபைரீனை டீசல் புகைக்கே உரிய அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எலியை சைலன்சருக்குப் பின்னாடி கட்டி வைப்பாங்களா?

இல்லை. நேராக வரும் புகையில் விட்டால் கார்பன் மோனாக்சைடும் சூடும் ஆக்சிஜன் குறைவுமே விலங்கைக் கொன்றுவிடும். துகளைப் பற்றி எதுவும் தெரியாது. எஞ்சினை, அதன் சுமையைக் கட்டுப்படுத்தி அளக்கும் டைனமோமீட்டர் என்ற கருவியில் பூட்டி, நகரப் போக்குவரத்தைப் போல வேகத்தையும் சுமையையும் ஏற்றி இறக்கும் ஒழுங்கில் ஓட்டுகிறார்கள். புகை நீர்ப்புக் குழாய்க்குள் போய், வடிகட்டிய சுத்தமான காற்றோடு கலந்து, குளிர்ந்து, அதன் பிறகுதான் விலங்குகள் இருக்கும் கூண்டறைக்கு வருகிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனி அறை. கட்டுப்பாட்டுக் குழுவுக்குச் சுத்தமான காற்று மட்டும் வரும் அதே மாதிரி அறை.

அறை வெப்பம் 22 டிகிரியை ஒட்டி, ஆக்சிஜன் 19 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விலங்குகளின் மொத்தப் பருமன் அறையின் பருமனில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. துகளை டெஃப்லான் வடிதாளில் பிடித்து எடை போட்டு அளக்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு. இதில் மூக்கை மட்டும் குழாயில் நுழைத்துச் சுவாசிக்க வைப்பது ஒரு வகை, விலங்கு முழுதும் அறைக்குள் இருப்பது இன்னொரு வகை. இரண்டு, இரண்டரை ஆண்டு நடக்கும் ஆய்வுகளெல்லாம் இரண்டாவது வகைதான். விலங்கை நாள் முழுக்கக் குழாயில் இறுக்கி வைத்தால் அதன் மன உளைச்சலே முடிவைக் கெடுத்துவிடும்.

எதுக்கு இரண்டரை வருஷம்? மூணு மாசத்துல தெரியாதா?

வீக்கம், எரிச்சல், ரத்தத்தில் மாற்றம் இவையெல்லாம் மூன்று மாதத்தில் தெரியும். கட்டி தெரியாது. டீசல் புகையால் எலியின் நுரையீரலில் வந்த கட்டிகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைத் தாண்டிய பிறகே வந்தன. பல, ஆய்வின் முடிவில் விலங்கைக் கொன்று நுரையீரலைத் துண்டு துண்டாகப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டன. 18 மாதத்தில் நிறுத்தியிருந்தால் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருப்பார்கள்.

எண்ணிக்கையும் முக்கியம். ஆய்வக எலிக்குத் தானாக நுரையீரல் கட்டி வருவது நூற்றுக்கு ஒன்று அளவில்தான். குழுவுக்கு 50 எலி வைத்தால் ஒன்று மூன்றாகக் கூடியது தற்செயலா புகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகள் குழுவுக்கு நூற்றுக்கணக்கில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது உண்மையா? எவ்வளவு புகையில?

உண்மை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் உள்ள லவ்லேஸ் ஆய்வகத்தில் ஜோ மாடர்லி குழு செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். 1980ஆம் ஆண்டு மாடல் 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் வி-8 டீசல் எஞ்சின். எஃப்344 வகை எலிகள். நாளைக்கு 7 மணி நேரம், வாரம் 5 நாள், 30 மாதம் வரை. அளவுகள் மூன்று: 0.35, 3.5, சுமார் 7 மில்லிகிராம். கட்டி வந்த எலிகள் சுத்தக் காற்றில் 0.9 சதவீதம், பிறகு முறையே 1.3, 3.6, 12.8 சதவீதம். முதல் அளவுக்கும் சுத்தக் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை வேறுபாடாகவே எடுத்துக்கொள்ள முடியாது. மற்ற இரண்டும் தெளிவானவை.

ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் ஊவே ஹைன்ரிக் குழு 1986இல் காட்டியதும் இதே திசைதான்: சுமார் 4 மில்லிகிராம், நாளைக்கு 19 மணி நேரம், விஸ்டர் எலிகளில் சுமார் 16 சதவீதத்துக்குக் கட்டி, சுத்தக் காற்றில் பூஜ்யம். ஜப்பானிலும் சுவிட்சர்லாந்திலும் செய்தவை இதோடு ஒத்துப்போயின. வெவ்வேறு நாடு, வெவ்வேறு எஞ்சின், வெவ்வேறு எலி வகை. ஆகவே இது ஒரு ஆய்வகத்தின் தவறு இல்லை.

ஒப்புக்கு: நெரிசலான சாலையோரத்தில் டீசல் துகள் பெரும்பாலும் சில மைக்ரோகிராம்தான். 7 மில்லிகிராம் என்பது 7,000 மைக்ரோகிராம்.

வாயுவா, துகளா, குற்றவாளி யாரு?

இதைக் கண்டுபிடிக்க எளிமையான வழி இருந்தது. அதே புகையிலிருந்து துகளை மட்டும் வடிகட்டிவிட்டு, வாயுவை மட்டும் இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். ஹனோவரில் வடிகட்டிய புகையைச் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரல் கட்டியே வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் சான்றுகளை எடைபோட்டபோது இந்தப் பிரிவைத் தெளிவாகவே எழுதியது: முழுப் புகை, துகள், துகளிலிருந்து பிரித்த சாறு இவை விலங்குகளில் புற்றுநோய் தருவதற்குப் போதுமான சான்று உண்டு, வாயுவுக்கு மட்டும் போதிய சான்று இல்லை.

வாயு நல்லது என்று இதைப் படிக்கக் கூடாது. நைட்ரஜன் டைஆக்சைடு மூச்சுக்குழாயை அரிக்கிறது; அது பிறகு வரும்.

சுண்டெலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் வரலையாமே?

ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிவிலங்குக்கு வரவில்லை, அதே அறையில் அதே புகையைச் சுவாசித்தும். சுண்டெலியில் முடிவுகள் குழப்பம். ஹனோவரின் முதல் ஆய்வில் முழுப் புகைக் குழுவில் சுமார் 32 சதவீதத்துக்கும், வடிகட்டிய புகையில் 31க்கும், சுத்தக் காற்றில் 13க்கும் கட்டி. துகள் இல்லாமலே அதே அளவு என்றால் என்ன செய்வது? அதே குழு பின்னர் திரும்பச் செய்தபோது அந்த ஏற்றம் வரவில்லை. சுண்டெலி வகைகள் பலவற்றுக்குத் தானாகவே நுரையீரல் கட்டி நிறைய வரும் என்பதும் கணக்கைக் கலக்கிவிடுகிறது.

ஆக, உறுதியான முடிவு தந்த ஒரே இனம் எலி. ஏன் எலி மட்டும் என்ற கேள்வியில்தான் இருபது வருடச் சண்டை நடந்தது.

'ஓவர்லோடு, ஓவர்லோடு'ன்னு சொல்றாங்களே, அது என்ன?

நுரையீரலின் காற்றறைகளில் விழுங்கு செல்கள் என்று துப்புரவுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். துகளை விழுங்கி, மெல்ல நகர்ந்து, மூச்சுக்குழாயின் சளி ஏணியில் ஏற்றிவிடுவார்கள். ஆரோக்கியமான எலியில் படிந்த துகளில் பாதி வெளியேற ஏறத்தாழ 60 முதல் 80 நாள். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பால் மாரோ 1988இல் சொன்ன கருத்து இது: ஒரு விழுங்கு செல்லின் பருமன் சுமார் 1,000 கன மைக்ரோமீட்டர், அது விழுங்கிய துகளின் பருமன் 60 கன மைக்ரோமீட்டரைத் தொட்டால் நடை தளரும், 600ஐத் தொட்டால் நின்றே போகும். எடைக் கணக்கில், ஒரு கிராம் நுரையீரலுக்கு ஒரு மில்லிகிராம் துகள் சேரும் இடம்தான் ஆபத்து எல்லை. அதைத் தாண்டுவதுதான் ஓவர்லோடு.

இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். எலி நிமிடத்துக்குச் சுமார் 0.2 லிட்டர் சுவாசிக்கிறது. 7 மணி நேரத்தில் 84 லிட்டர். 7 மில்லிகிராம் அறையில் அதற்குள் சுமார் 590 மைக்ரோகிராம் துகள் போகும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 59 மைக்ரோகிராம், ஆழத்தில் படியும் என்று வைப்போம். சனி, ஞாயிறு புகை இல்லை என்பதால் ஏழு நாளுக்கும் பரப்பினால் நாள் சராசரி 42. பாதி வெளியேற 70 நாள் என்றால் துகள் சராசரியாக 101 நாள் தங்கும். 42ஐ 101ஆல் பெருக்கினால் 4.2 மில்லிகிராம். எலியின் நுரையீரல் ஒன்றரை கிராம் என்றால் கிராமுக்கு 2.8. எல்லையைத் தாண்டியாயிற்று. 3.5 அறைக்குக் கிராமுக்கு 1.4, அதுவும் தாண்டியது. 0.35 அறைக்கு 0.14, அது எல்லைக்கு வெகு கீழே. மாடர்லியின் மூன்று குழுக்களில் எவற்றில் கட்டி கூடியது என்று இப்போது திரும்பப் பாருங்கள்.

எல்லை தாண்டியதும் துப்புரவு நின்றுவிடுவதால் உண்மையில் சேர்ந்தது இந்தக் கணக்கைவிடப் பல மடங்கு. நகராத விழுங்கு செல்கள் குவிந்து அழற்சிப் பொருள்களைக் கக்குகின்றன. அவை அழைத்துவரும் வெள்ளணுக்கள், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் தனியுறுப்புகளைக் (ஃப்ரீ ராடிக்கல்) கொட்டுகின்றன. காற்றறைச் சுவர் செல்கள் புண்பட்டுப் பெருகி, தழும்பாகி, கடைசியில் சிலவற்றில் கட்டியாகின்றன. எலியின் நுரையீரல் இந்தச் சங்கிலியில் மற்ற இனங்களைவிட எளிதாக விழுகிறது. ஹாம்ஸ்டர் துகளை வேகமாக வெளியேற்றிவிடும்.

அப்போ கரிமேல ஒட்டியிருக்குற ரசாயனத்துக்குப் பங்கே இல்லையா?

அதிக அளவில் சுவாசித்த எலியில், ஏறத்தாழ இல்லை. அதைச் சோதிக்க இரண்டு குழுக்கள் 1995இல் ஒரே யோசனையைச் செய்தன: ரசாயனம் அநேகமாக ஒட்டாத வெறும் கரிப்பொடியைச் சுவாசிக்க வைத்தார்கள். டயருக்கும் மைக்கும் போடும் அதே கார்பன் பிளாக். ஆல்புகர்க்கியில் கிறிஸ்டன் நிகுலா குழுவுக்கு டீசலும் கரியும் ஏறத்தாழ சமமாகவே கட்டியைத் தந்தன. ஹனோவரில், தீங்கற்ற கட்டிகளையும் சேர்த்து, 7 மில்லிகிராம் டீசலில் 100 எலிக்கு 22, கரிப்பொடியில் 39, பெயின்ட்டில் போடும் டைட்டேனியம் டைஆக்சைடில் 32. சுத்தக் காற்றில் 217 எலிக்கு ஒன்று. 0.8 மில்லிகிராம் டீசலில் 198 எலிக்கு ஒன்றுகூட இல்லை. கரிப்பொடிக்கும் டைட்டேனியத்துக்கும் காற்றில் அளவு கொஞ்சம் கூடுதல் என்பதை மறக்க வேண்டாம். சம அளவில் வைத்து ஒப்பிட்ட பந்தயம் அல்ல அது.

ஆனால் ரசாயனத்துக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. 1955இலேயே பால் காட்டின் குழு டீசல் கரியின் சாற்றைச் சுண்டெலியின் தோலில் தடவித் தோல் கட்டி வருவதைக் காட்டியது. அந்தச் சாறு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றும். அதிகத் துகளால் வரும் அழற்சி இவ்வளவு சத்தம் போடும்போது ரசாயனத்தின் மெல்லிய குரல் கேட்பதில்லை. ஓவர்லோடு எல்லைக்குக் கீழே, மனிதன் பல பத்தாண்டு சுவாசிக்கும் அளவில், எது பேசுகிறது என்பதை எலி ஆய்வு தீர்த்து வைக்காது.

எலிக்கு வந்தது ஓவர்லோடாலன்னா, நமக்கு டீசல் புகையால புற்றுநோய் வராதுன்னு ஆகுதே?

ஆகாது. இது அடிக்கடி நடக்கும் தர்க்கப் பிழை. எலிச் சான்று மனிதனுக்குப் பொருந்தாது என்றால் எலிச் சான்று கழிந்தது, அவ்வளவுதான். மனிதச் சான்று அப்படியே நிற்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002இல் இதைத்தான் செய்தது: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தர வாய்ப்புள்ளது என்று சொன்னது, ஆனால் எத்தனை பேருக்கு என்று கணக்குப் போட எலி எண்களைப் பயன்படுத்த மறுத்தது.

பத்து வருடம் கழித்து வந்தது சுரங்கத் தொழிலாளர் ஆய்வு. அமெரிக்காவில் உலோகமல்லாத எட்டுச் சுரங்கங்களின் 12,315 தொழிலாளர்கள். பூமிக்கடியில் டீசல் இயந்திரங்கள் ஓடும் இடம். புகை அதிகம், நிலக்கரித் தூசு, ராடான் என்ற கதிரியக்க வாயு போன்ற குழப்பங்கள் குறைவு என்பதால்தான் அந்தச் சுரங்கங்களைத் தேர்ந்தார்கள். எவ்வளவு கரிமத்தைச் சுவாசித்தார்களோ அதற்கேற்ப நுரையீரல் புற்றுநோய் மரணம் கூடியது. 1988இல் "அநேகமாகப் புற்றுநோய் தரும்" என்ற பட்டியலில் இருந்த டீசல் புகை 2012 ஜூனில் "மனிதருக்குப் புற்றுநோய் தரும்" என்ற முதல் பட்டியலுக்கு ஏறியதற்கு இந்த வகைச் சான்றுதான் முதுகெலும்பு. அந்தப் பட்டியல் சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவை இல்லை. சிகரெட்டும் டீசலும் ஒரே பட்டியலில் இருப்பதால் இரண்டும் சமம் ஆகிவிடாது.

குரங்கை வச்சும் செஞ்சாங்களாமே?

இரண்டு வெவ்வேறு விஷயத்தைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். முதலாவது அறிவியலுக்கு உதவியது. சைனோமால்கஸ் குரங்குகளையும் எஃப்344 எலிகளையும் 2 மில்லிகிராம் டீசல் புகையில், நாளைக்கு 7 மணி நேரம், 24 மாதம் வைத்தார்கள். அந்த நுரையீரல் துண்டுகளை நிகுலா குழு பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தது. எலியில் துகள் பெரும்பாலும் காற்றறைக்குள்ளே, விழுங்கு செல்களில் கிடந்தது. குரங்கில் அதிகப் பங்கு சுவருக்குள், திசு இடைவெளியில் போயிருந்தது. எலியில் செல் பெருக்கமும் அழற்சியும் அதிகம், குரங்கில் குறைவு. மனிதன் குரங்கின் பக்கம்தான். சுரங்கத் தொழிலாளர் நுரையீரலிலும் துகள் சுவருக்குள் தங்குகிறது.

இரண்டாவது 2018 ஜனவரியில் செய்தியில் வந்தது. ஃபோக்ஸ்வாகன், டைம்லர், பிஎம்டபிள்யூ நிறுவனங்கள் பணம் கொடுத்த ஒரு அமைப்புக்காக 2014இல் ஆல்புகர்க்கியில் பத்துக் குரங்குகளை அறைக்குள் வைத்து, கார்ட்டூன் போட்டுக் காட்டி, சில மணி நேரம் புகை கொடுத்தார்கள். ஃபோக்ஸ்வாகனின் புது பீட்டில் காரின் புகை பழைய ஃபோர்டு டிரக்கின் புகையைவிடச் சுத்தம் என்று காட்டுவதே நோக்கம். அந்தக் கார் வகையில் சோதனை நேரத்தில் மட்டும் புகையைக் குறைக்கும் ஏமாற்று மென்பொருள் இருந்தது 2015இல் வெளிவந்துவிட்டது. சில மணி நேரம், பத்து விலங்கு, சோதனையில் மட்டும் சுத்தமாக ஓடும் எஞ்சின்: நெறியை விடுங்கள், அறிவியலாகவே அது தேறாது.

புற்றுநோயை விடுங்க, ஆஸ்துமா அலர்ஜிக்கு என்ன தெரிஞ்சுது?

இங்கேதான் விலங்கு ஆய்வு அதிகம் உதவியது என்பது எங்கள் கணிப்பு. 1986இல் ஜப்பானில் முரனாகா குழு சுண்டெலிகளுக்கு முட்டைப் புரதத்தைத் தனியாகவும், டீசல் துகளோடு சேர்த்தும் ஊசி போட்டது. துகள் சேர்ந்த குழுவில் ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜி-ஈ எதிர்ப்புரதம் அதிகம் கூடியது. ஜப்பானில் வசந்த காலத்தில் ஊரையே தும்ம வைக்கும் செடார் மகரந்தத்திலும் அதே கதை. அதாவது துகள் தானே ஒவ்வாமை தருவதில்லை. கூட வருகிற பொருளுக்கு உடலின் எதிர்வினையைத் தூக்கிவிடுகிறது.

சுகுபாவின் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வகத்தில் சகாய் குழு துகளைச் சுண்டெலியின் மூச்சுக்குழாயில் திரும்பத் திரும்ப விட்டு, சளிச்சுரப்பி பெருக்கம், ஈயோசினோஃபில் என்ற ஒவ்வாமை வெள்ளணுக்களின் படையெடுப்பு, குழாய் சுருக்கம் என்று ஆஸ்துமா போன்ற படத்தையே வரவழைத்தது. பின்னர் லாஸ் ஏஞ்சலஸில் மனிதர் மூக்கில் 0.3 மில்லிகிராம் டீசல் துகளை ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தோடு விட்டுப் பார்த்தபோதும் ஐஜி-ஈ கூடியது. சுண்டெலியில் கண்டது மனிதனிலும் நின்ற நல்ல உதாரணம்.

இதயத்துக்கும் கரிக்கும் என்ன சம்பந்தம்?

நுரையீரலில் தொடங்கும் அழற்சி ரத்தத்துக்குப் பரவுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் விரியும் திறன் குறைகிறது. ரத்தம் உறையும் போக்கு கூடுகிறது. அப்துர்ரஹீம் நெம்மர் குழு ஹாம்ஸ்டரின் மூச்சுக்குழாயில் டீசல் துகளை விட்டு, தொடை ரத்தக்குழாயில் சிறிய காயத்தை உண்டாக்கிப் பார்த்தபோது, துகள் பெற்ற விலங்குகளில் உறைகட்டி பெரிதாக வந்தது, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். கொழுப்பு எளிதில் படியும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு 200 மைக்ரோகிராம் புகையை நாளைக்கு 6 மணி நேரமாக ஏழு வாரம் கொடுத்தபோது தமனிப் படிவுகள் உறுதி குறைந்து மோசமாயின.

அளவைக் கவனியுங்கள்: கட்டி ஆய்வில் மில்லிகிராம், இங்கே மைக்ரோகிராம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ, சுவீடனின் உமியோ பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மனிதத் தன்னார்வலர்களுக்கு 300 மைக்ரோகிராம் புகையை ஒரு மணி நேரம் கொடுத்தபோதும் ரத்தக்குழாய் விரிவது குறைந்தது. எஞ்சினில் துகளைப் பிடிக்கும் வடிகட்டியை மாட்டியதும் அந்த விளைவு அகன்றது. மூச்சில் போன துகள்தான் காரணம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

கர்ப்பத்துக்கும் மூளைக்கும்?

சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். டென்மார்க்கில் கருவுற்ற சுண்டெலிகளுக்கு 19 மில்லிகிராம் அளவில், நாளைக்கு ஒரு மணி நேரம், கருவின் 9 முதல் 19ஆம் நாள் வரை துகள் கொடுத்தார்கள்; பால் குடிக்கும் காலத்தில் குட்டிகளின் எடை கூடுவது குறைந்தது. எலி மூளையில் அழற்சிக் குறிகள் கூடியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 19 மில்லிகிராம் என்ற எண்ணைப் பார்த்தாலே மனிதனுக்குத் தாவுவது எவ்வளவு தூரம் என்று புரியும்.

சில ஆய்வுல 'மூச்சுக்குழாயில ஊத்தினோம்'ங்கறாங்க. அதுவும் சுவாசிக்கறதும் ஒண்ணுதானே?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முன்னே போட்ட கணக்கையே எடுங்கள். 1 மில்லிகிராம் அறையில் 6 மணி நேரம் இருந்த எலி 72 லிட்டர் சுவாசிக்கும், ஆழத்தில் படிவது சுமார் 7 மைக்ரோகிராம். அதே எலிக்கு 500 மைக்ரோகிராமை உப்புநீரில் கலக்கி ஒரே ஊற்றாக விட்டால், எழுபது நாள் அளவு ஒரு நொடியில் போய்விடுகிறது. நுரையீரலில் திட்டுத் திட்டாகத்தான் பரவும்; ஒரு மடல் ஈரமாகும், இன்னொன்று காய்ந்தே இருக்கும். வரும் அழற்சியில் ஒரு பங்கு ஒரேயடியாகக் கொட்டிய அளவால் வருவது, துகளின் தன்மையால் அல்ல.

பயன் உண்டு: மலிவு, வேகம், ஒரு துகளை இன்னொன்றோடு ஒப்பிட வசதி. ஆனால் இதில் வாயு கிடையாது. துகளும் பெரும்பாலும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் புட்டியில் விற்கும் மாதிரிதான். எஸ்ஆர்எம் 2975 என்ற எண்ணுள்ள மாதிரி ஃபோர்க்லிஃப்ட் எஞ்சினிலிருந்து எடுத்தது, 1650 கனரக எஞ்சினிலிருந்து எடுத்தது. இரண்டிலும் ஒட்டியிருக்கும் ரசாயனத்தின் பங்கு வேறு. "டீசல் துகள்" என்று மட்டும் எழுதி எண் கொடுக்காத கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். உப்புநீரில் துகள் கட்டிபட்டுவிடும். அல்ட்ராசவுண்டில் கலக்கினார்களா, கலைய வைக்கப் புரதம் சேர்த்தார்களா என்பதும் முடிவை மாற்றும்.

ஒரே அளவு, ஒரே எலி, ஆனா ரெண்டு ஆய்வகத்துல ரெண்டு முடிவு. எப்படி?

"ஒரே அளவு" என்பது துகளின் எடை மட்டும். எஞ்சின் சும்மா ஓடும்போது ரசாயனம் அதிகமான துகள் வரும். சுமையில் இழுக்கும்போது கரி அதிகம். ஒரே 1 மில்லிகிராம், இரண்டு வேறு பொருள். எரிபொருளில் கந்தகம் கூடினால் கந்தக அமிலத் துளிகள் சேரும். நீர்க்கும் விகிதம் வேறானால் எந்த ரசாயனம் துகளில் படியும், எது வாயுவிலேயே நிற்கும் என்பது மாறும். நீளமான குழாயில் துகள் சுவரில் ஒட்டியும் ஒன்றோடொன்று சேர்ந்தும் வளரும். இன்ஜெக்டர் அழுக்கடைந்தால் பன்னிரண்டாம் மாதப் புகை முதல் மாதப் புகை இல்லை. அதனால் எரிபொருளை ஒரே தொகுதியாக வாங்கி வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் இரண்டரை வருடம் புகை ஓரளவு ஒரே மாதிரி இருக்கும்.

விலங்கு பக்கத்திலும் பொறிகள் உண்டு. அறையைச் சரியாகக் கழுவாவிட்டால் சிறுநீரிலிருந்து வரும் அமோனியா புகையின் அமிலத்தைச் சமன்செய்துவிடும். அமோனியாவே மூச்சுக்குழாயை எரிக்கவும் செய்யும். முழு உடல் அறையில் உரோமத்தில் படியும் கரியை எலி நக்கிச் சாப்பிடும், வயிற்று வழியாகவும் போகும். எஞ்சின் அதிர்வும் சத்தமும் கட்டுப்பாட்டு அறைக்கும் அதே அளவில் கேட்டாக வேண்டும். இல்லையென்றால் பயத்தால் உயர்ந்த ரத்த அழுத்தத்தைப் புகையின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

இப்ப பிஎஸ்-6 வண்டி. பழைய எஞ்சினோட எலி ஆய்வு இன்னும் செல்லுமா?

பழைய எஞ்சினுக்குச் செல்லும். நம் சாலையில், ஜெனரேட்டரில், டிராக்டரில் அவை இன்னும் நிறைய ஓடுகின்றன. புது எஞ்சினுக்குத் தனியாகச் சோதித்தார்கள். பாஸ்டனில் உள்ள ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்திய ஆய்வின் முடிவு 2015இல் வந்தது: துகள் வடிகட்டி மாட்டிய, 2007 அமெரிக்க விதிக்கு ஏற்ற கனரக எஞ்சின், விஸ்டர் ஹான் எலிகள், நாளைக்கு 16 மணி நேரம், வாரம் 5 நாள், 30 மாதம் வரை. துகள் மிகக் குறைந்துவிட்டதால் அளவைத் துகளால் நிர்ணயிக்கவே முடியவில்லை; நைட்ரஜன் டைஆக்சைடை வைத்து நிர்ணயித்தார்கள், உச்ச அளவு 4.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4.2 பங்கு). நுரையீரல் கட்டி கூடவில்லை. மூச்சுக்குழாய் முனைகளில் லேசான மாற்றங்கள் மட்டும், நைட்ரஜன் டைஆக்சைடு தனியாக என்ன செய்யுமோ அதைப் போல.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகை விதி. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10க்கு இறங்கியது; கந்தகம் இறங்காமல் வடிகட்டியும் வினையூக்கியும் நீண்ட நாள் தாங்காது. அந்த எலி ஆய்வின் நல்ல முடிவு வடிகட்டி வேலை செய்யும் எஞ்சினுக்கு மட்டும். "மைலேஜ் கூடும்" என்று வடிகட்டியின் உள்பகுதியைக் குடைந்து எடுத்துவிட்டு ஓட்டும் வண்டி இந்தக் கணக்கில் 1980 ஓல்ட்ஸ்மொபைலின் பக்கம்தான் நிற்கிறது.

'5 மைக்ரோகிராம் வரை பரவாயில்லை'ன்னு ஒரு எண் சுத்துது. எலியில இருந்து அதை எப்படி எடுத்தாங்க?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண் அது. வாழ்நாள் முழுதும் சுவாசித்தாலும் புற்றுநோயல்லாத நுரையீரல் பாதிப்பு வராது என்று எதிர்பார்க்கும் அளவு. ஜப்பானிய எலி ஆய்வில் பாதிப்பு தெரியாத உச்ச அளவு 0.46 மில்லிகிராம். எலியும் மனிதனும் சுவாசிக்கும் வேகம், துகள் படியும் பங்கு, வெளியேறும் வேகம் எல்லாவற்றையும் மாதிரியில் போட்டு, மனிதனுக்கு இணையான அளவு 0.144 மில்லிகிராம் என்று வந்தது. அதை 30ஆல் வகுத்தார்கள்: இனத்துக்கு இனம் மீதமுள்ள வேறுபாட்டுக்கு 3, குழந்தை, முதியவர், ஆஸ்துமா உள்ளவர் என்று மனிதருக்குள் உள்ள வேறுபாட்டுக்கு 10. 144 மைக்ரோகிராமை 30ஆல் வகுத்தால் 4.8, முழுமையாக்கி 5. புற்றுநோய்க்கு இந்த எண் பொருந்தாது.

இவ்வளவு எலியைக் கொல்லணுமா? செல்லை வச்சே செய்யக் கூடாதா?

பாதி வேலையை இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். மனித மூச்சுக்குழாய் செல்களை ஒரு சவ்வின் மேல் வளர்த்து, கீழே ஊட்டநீர், மேலே நேராகப் புகை என்று வைத்தால் அழற்சிப் புரதங்களும் மரபணுச் சேதமும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். புது எரிபொருளையும் வடிகட்டியையும் வரிசைப்படுத்த இது போதும். விலங்குச் சோதனைக்கு அனுமதி கேட்கும் இடத்தில், இந்தியாவில் 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் முன்பும், "இதைச் செல்லில் ஏன் செய்ய முடியாது?" என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

செல்லால் முடியாதது ஒன்று உண்டு. விழுங்கு செல்கள் துகளைச் சுமந்து போவதும், 70 நாளில் பாதி வெளியேறுவதும், ஒருநாள் அந்தக் கணக்கு உடைவதும் தட்டில் வளரும் செல்லில் நடக்காது. அதற்கு மூச்சு விடும் முழு நுரையீரல் வேண்டும். எலிகள் காட்டியதில் மிக முக்கியமானது எதுவோ அதுதான் செல்லில் தெரியாமல் போகிறது.